இரவில் பெட்டி எங்கை படுக்கும்?

நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலையிலிருந்து ஒருத்தி எப்படி ஓய்வு பெறுவாள் என்று என் கணவர் அந்தோனி காண்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுச் சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு. கனடாவில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் என் பாதி ஆயுள் போனது. அதை விட்டு ஓய்வு பெற்றபோது ஒரு கேக் வெட்டினார்கள், ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். அந்த வேலையைப் பற்றி எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. தேர்தல் வேலையை விட்ட பிறகுதான், என் இடத்துக்கு வந்த பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள்.

"அன்ரி, அந்த ஈஸ்டர் திங்கள் உங்கட மண்டபத்தில எங்கட சனம் தெருமுனை மட்டும் நிண்டதாமே. என்ன செய்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

உள்ளதைச் சொன்னால் அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். என்னோடு வாதாடிய மனிதர் ஒருவர்தான் பாதி வேலையைச் செய்தார். ஆனாலும் எழுதுகிறேன். பெருமைப்பட எனக்கும் உரிமை இருக்கிறது.

நான் தேர்தல் வேலைக்குப் போனது மொழிபெயர்க்க. பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் வீட்டுக்கு எட்டிய தூரத்தில் ஒரு வாக்குச்சாவடி. ஒரு பின்னேரம் பயிற்சி, கையில் தடித்த ஒரு கைநூல், கழுத்தில் ஒரு அட்டை. பிரெஞ்சு எனக்குச் சமையற்கூடத்துப் பிரெஞ்சுதான். கோழி, மீன், கெதியாய், கவனம் என்பதெல்லாம் சரளமாக வரும். வாக்காளர், முத்திரை, உறுதிமொழி என்பவற்றை அந்தப் பின்னேரம்தான் முதன்முதலில் கேட்டேன்.

அந்த முதல் தேர்தலில் நடந்த ஒன்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சாவடிக் கதவை அடைத்துச் சற்று நேரத்தில் வெளியே கண்ணாடியில் தட்டினார்கள். பார்த்தால், என்னோடு வேலை செய்கிற ஆட்கள். விமானம் பிந்தியதால் சாப்பாட்டு வண்டி பிந்தியிருக்கிறது, அதனால் பஸ்சும் தப்பிப்போயிருக்கிறது. குளிர்ச்சட்டைக்குள் சமையற்கூடத்து வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார்கள்.

"ரீற்றாக்கா, நீங்கள்தானே உள்ளுக்கு நிக்கிறியள். ஒருக்காத் திறவுங்கோவன்!"

திறக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. எங்கள் மேலதிகாரி மடாம் ஜினெட் வெளியே போய், மேலங்கிகூடப் போடாமல் அந்தக் குளிரில் நின்று, ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "தேர்தல் நாளுக்கு முன்னால் நாலு நாள் முன்வாக்குக்குத் திறந்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் ஒருவரும் வருவதில்லை. ஏன் என்று எனக்குக் கண்டுபிடித்துச் சொல்."

அப்படித்தான் முன்வாக்கு என் தலையில் விழுந்தது.

மடாம் ஜினெட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தொகுதிக்குப் பொறுப்பான தேர்தல் அதிகாரி அவர். காதில் எப்போதும் ஒரு பென்சில், மேசையில் எப்போதும் ஆறிப்போன ஒரு கோப்பி. கூட்டித் துடைக்க வருகிறவரையும் 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். என்னை மட்டும் ஏனோ 'நீ' என்றார், அதை நான் மரியாதைக் குறைவாக ஒருநாளும் எடுக்கவில்லை. கோபம் ஏற ஏற அவருடைய குரல் தாழும். காதைக் கொடுத்துக் கேட்கவேண்டிய அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் எல்லோரும் ஓடி ஒளிவோம். ஆனால் ஒருவர் பிழை விட்டால் ஏசமாட்டார். ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "ஓன் ரெக்கொமான்ஸ்" என்பார். திரும்பத் தொடங்குவோம் என்று அர்த்தம். முதல் பக்கத்திலிருந்து, ஒன்றையும் விடாமல், கூடவே இருந்து செய்வார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்த வேலையைப் பழகினேன்.

எங்கள் சனம் ஏன் வருவதில்லை என்று கேட்டுத் திரிந்தேன். தேவாலய வாசலில் கேட்டேன், கோயில் அன்னதான வரிசையில் கேட்டேன், மரக்கறிக் கடையில் கேட்டேன். முதல் காரணத்தைக் கேட்டபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரில் முந்திப் போடுகிறது என்றால் தபால் வாக்கு. அது ரீச்சர்மாருக்கும் பொலிசுக்கும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தருக்கும் உரியது. அந்த நினைப்போடுதான் இங்கேயும் இருந்தார்கள். "நாங்கள் என்ன அரசாங்க உத்தியோகமே பாக்கிறம், முந்திப் போட?" என்று விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர் ஒருவர் என்னைத் திருப்பிக் கேட்டார். விரலில் மை பூசாத வாக்கு என்ன வாக்கு என்று வேறு சிலர். இவர்களையெல்லாம் கதைத்துச் சரிக்கட்டலாம். கட்டினேன்.

இரண்டாவது காரணம் இராகுகாலம். முன்வாக்கு வெள்ளிக்கிழமை தொடங்கும். காலையில் மண்டபத்தில் கொஞ்சம் தமிழ் முகம் தெரியும், பத்தரைக்குப் பிறகு ஒருவரையும் காணக் கிடைக்காது. மடாம் ஜினெட் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளங்கப்படுத்தினேன். அதிலும் இரண்டு கட்சி. ஊர் நாட்காட்டி வைத்திருப்பவர்களுக்குப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இங்கே அச்சடித்த கனடா நாட்காட்டி வைத்திருப்பவர்களுக்கு, இங்கத்தைய சூரியன் கணக்கில், பதினொன்றேகால் போலத் தொடங்கி ஒரு மணி மட்டும் இழுபடும். இரண்டு கட்சிக்கும் பொதுவாக நல்ல நேரம் காலை திறந்தவுடன், இல்லாவிட்டால் ஒரு மணிக்குப் பிறகு. மடாம் சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலிருந்த வேலை அட்டவணையில் அந்த நேரத்தைக் கோடிட்டு, எங்கள் மேசைக்காரருக்கு அப்போது சாப்பாட்டு இடைவேளை என்று எழுதினார். அதற்குப் பிறகு நான் தொலைபேசியில் ஆட்களை அழைக்கும்போதெல்லாம், "வெள்ளிக்கிழமை விடிய ஒன்பதுக்கு வாங்கோ, ராகு காலத்துக்கு முன்னம் போட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினார்கள். கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் வசதி.

பிள்ளை, இவ்வளவையும் நீயும் செய்யலாம். இனிச் சொல்லப்போவதுதான் அந்த ஈஸ்டர் திங்களின் கதை.

அது என் கடைசித் தேர்தல். முன்வாக்கு நாட்கள் பெரிய வெள்ளியில் தொடங்கி ஈஸ்டர் திங்களில் முடிவதாக இருந்தன. அதற்கு அடுத்த திங்கள் தேர்தல். ஒருநாள் பின்னேரம் பரமேஸ்வரி என்னைத் தேடி வந்தார். எங்கள் தொகுதியில், பக்கத்து வில்லரேயில் இருக்கிறவர், மரக்கறிக் கடையில் கண்டு பழக்கம். அவருடைய கணவர் கனகலிங்கம் விமானங்களுக்குள் ஏறிச் சுத்தம் செய்யும் வேலை செய்தவர். இதயத்தில் அடைப்பு. சத்திரசிகிச்சைக்குத் தேர்தலுக்கு முந்திய கிழமைதான் நாள் குறித்திருக்கிறார்கள், கட்டில் கிடைத்ததும் எந்த நேரமும் அழைப்பார்களாம்.

"அக்கா, இவருக்குச் சிற்றிசன் கிடைச்சது போன வருஷம்தான். அகதிக் கேசு இழுபட்டு இழுபட்டு இவ்வளவு காலம். சீவியத்தில ஒருக்கா வோட்டுப் போடவேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். இப்ப முந்திப் போடுங்கோ எண்டால் மாட்டனாம். தப்பி வந்தால் அடுத்த முறை போடுறனாம்." பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "தப்பி வராட்டி, அக்கா?"

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கனகலிங்கம் அண்ணை மெலிந்த உயர்ந்த மனிதர். மரியாதையாக இருக்கச் சொல்லி, தேத்தண்ணி குடிக்கச் செய்து, பிறகுதான் கதையைத் தொடங்கினார். ஊரில் முதல்முறை வாக்குரிமை கிடைத்தபோது, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்து, "தம்பி, உம்மட வோட்டுப் போட்டாச்சு" என்றாராம். யார் போட்டது என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு சண்டை, இடம்பெயர்வு, கொழும்பு, கடைசியில் இந்த ஊர். இன்னும் ஒரு வாக்கும் போடவில்லை.

"அண்ணை, இது அந்த ஊர் இல்லை" என்றேன்.

"ஓம் தங்கச்சி. நீங்கள் சொன்னால் சரி. முந்திப் போடுற பெட்டியை எப்ப திறப்பினம்?"

"தேர்தல் அண்டைக்குத்தான்."

"அது மட்டும் இரவில பெட்டி எங்கை படுக்கும்?"

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "எங்கட வீட்டில" என்றேன்.

"ஆற்ற வீட்டில?"

"என்ர வீட்டில, அண்ணை. பெட்டிக்குப் பொறுப்பான ஆள் தன்ர பொறுப்பில கூடவே வைச்சிருக்கவேணும் எண்டுதான் சட்டம்."

"பெட்டி என்ன, இரும்போ?"

"காட்போட்."

அவர் சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். பரமேஸ்வரி பயந்துபோய்க் குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தார். "இஞ்சாரும், கேட்டீரே? சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒண்டுக்குள்ள வோட்டைப் போட்டு, அக்கா வீட்டை கொண்டு போவாவாம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானச் சமையற்கூடத்தில் ஒரு வெண்ணெய்க்கட்டிகூட என் கைப்பையில் ஏறியதில்லை. அவர் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்தவரோடு என்ன சண்டை போடுவது? தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மடாம் ஜினெட்டிடம் கொட்டித் தீர்த்தேன். அவரும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆறிய கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.

"நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்" என்றார். "இந்தக் கைநூல் முழுவதையும் அவரைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர் உன்னை நம்பவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பார்க்க உரிமை உண்டு என்றுதான் இருக்கிறது."

ஒவ்வொரு வேட்பாளரும் சாவடியில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆளை அனுப்பலாம். அது எனக்கும் தெரிந்த விதிதான். எங்கள் பக்கத்தில் யாரும் நாள் முழுக்க வந்திருந்தது கிடையாது, அதனால் நான் அதை நினைக்கவில்லை. அன்று பின்னேரமே அவரை அழைத்தேன்.

"அண்ணை, நீங்கள் என்னை நம்பவேண்டாம். என்னைக் காவல் காக்க வாறியளோ?"

"எத்தினை மணிக்கு?" என்றார்.

எந்த வேட்பாளரிடம் போய்க் கேட்டு, யாருடைய ஆளாக வந்தார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதமாட்டேன்.

பெரிய வெள்ளி காலையில், மண்டபம் திறக்குமுன்னமே வந்து நின்றார். திருநீறு, கண்ணாடி, சட்டைப்பையில் சொந்தப் பேனா. நான் உபவாசம், வெறும் வயிறு. தட்டையாக வந்த மட்டையை மடித்துப் பெட்டியாக்கினேன். மூடியைத் திறந்து எல்லோருக்கும் உள்ளே காட்டினேன். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். அண்ணைக்கு அது காணாது. எழும்பி வந்து குனிந்து, நாலு மூலையையும் உற்றுப் பார்த்தார். நான் மடாமைப் பார்த்தேன். "காட்டு, ஆறுதலாகக் காட்டு" என்றார் மடாம். மூடி, முத்திரையை ஒட்டினேன். ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு இலக்கம் உண்டு. அதை உரத்து வாசித்தேன். பின்னேரம் மூடும்போது வாக்குப் போடும் துவாரத்தையும் அடைத்து, அதன் மேலே புதிய முத்திரை. அதற்கும் ஒரு இலக்கம். அடுத்த நாள் காலை அதே இலக்கம் கிழியாமல் இருந்தால்தான் திறக்கலாம்.

அன்று மூடும்போது அவர் பேனாவை எடுத்து, அந்த இலக்கத்தைத் தன் வலது உள்ளங்கையில் எழுதினார். அண்ணை இடதுகைக்காரர்.

"ஏன் அண்ணை, பேப்பர் தரட்டோ?"

"பேப்பரை மாத்தலாம், தங்கச்சி. கையை மாத்தேலாது."

இடது கையால் எழுதினாலும் எங்கள் எல்லோரையும் போல அவர் சாப்பிடுவது வலது கையால். அன்றைக்கு வீட்டில் கை கழுவ மாட்டேன் என்று நின்று, இடது கையில் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டதாகப் பரமேஸ்வரி எனக்குத் தொலைபேசியில் முறையிட்டார். அதற்கு முன்னால், என் காருக்குப் பின்னால் தங்கள் காரில் வந்து, பெட்டி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பெட்டியைப் படுக்கையறையில், மடு மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். அதைத் தனியே விட்டு நான் எங்கேயும் போக முடியாது. பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை போயிற்று, சனிக்கிழமை இரவுத் திருவிழிப்புப் பூசையும் போயிற்று. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவற்றைத் தவறவிட்டதில்லை. அந்தோனி தனியே வெளிக்கிட்டபடி, "ஆண்டவற்ற கல்லறைக்கும் முத்திரை வைச்சுக் காவல் போட்டவை. மூண்டாம் நாள் என்ன நடந்தது எண்டு தெரியும்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை காலை பெட்டியை மேசையில் வைத்தேன். அண்ணை கையை விரித்து முத்திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். சரியாக இருந்தது. "ம்" என்றார். அவ்வளவுதான். "அப்ப வோட்டைப் போடுங்கோவன்" என்றேன். "கடைசி நாள் பாப்பம்" என்றார்.

அன்றைக்குத்தான் நான் நினையாத ஒன்று நடந்தது. மத்தியானம் அவர் வெளியே போய்க் காருக்குள் இருந்து சாப்பிடும்போது தொலைபேசி ஓயவில்லையாம். விமான நிலையத்தில் கனகலிங்கம் அண்ணையைத் தெரியாத தமிழர் இல்லை. தன் சம்பளச் சிட்டையைக்கூட மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர் பெட்டிக்குக் காவல் இருக்கிறார் என்ற செய்தி டோர்வல் முழுக்கப் பரவிவிட்டது. "ஓமடா, நான்தான் இஞ்ச நிக்கிறன். வாறதெண்டால் வாங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார். பின்னேரம் வேலை உடுப்போடு ஒரு கூட்டம் வந்தது. என் மேசைக்கு வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் இருந்த அவரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார், அவர்கள் போட்டார்கள். எத்தனை வருடம் நான் தொண்டை வற்றக் கதைத்தது! கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மூடும்போது மடாம் ஜினெட் அவரிடம் வந்து, விரும்பினால் முத்திரைக்குக் குறுக்கே கையெழுத்தும் வைக்கலாம் என்றார். அண்ணை தமிழில், முழுப்பெயரையும், முத்திரையிலிருந்து மட்டைக்கு இழுத்து வைத்தார். கையிலும் இலக்கத்தை எழுதிக்கொண்டார்.

ஈஸ்டர் ஞாயிறு காலை. பூசை முடித்த சனம் அதற்குள் வரிசையில் நிற்கிறது. அண்ணை கையை விரித்தார். முத்திரையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். திரும்ப முத்திரையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது அந்தப் பெட்டி இல்லை."

கையில் கடைசி இலக்கம் எட்டு. முத்திரையில் மூன்று.

அவர் சத்தம் போடவில்லை, ஆனால் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. அது பின்னால் போவது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் சேர்த்ததெல்லாம் இந்த ஒரு இலக்கத்தோடு போகப்போகிறது, இனி ஒரு தமிழனும் முன்வாக்குப் பக்கம் தலைவைக்கமாட்டான் என்று நினைத்தேன். அண்ணை எழும்பித் தன் ஜாக்கெட்டை எடுத்தார்.

மடாம் ஜினெட் ஒரு கதிரையை இழுத்து அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குரல் தாழவில்லை, அதனால் கோபம் இல்லை என்று எனக்கு விளங்கியது.

"ஓன் ரெக்கொமான்ஸ்" என்றார். "மொழிபெயர், ரீற்றா. நேற்று நீங்கள் இரண்டு காரியம் செய்தீர்கள். ஒன்றைக் கையில் எழுதினீர்கள். மற்றதை எங்கே எழுதினீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அண்ணை ஜாக்கெட்டோடு திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முத்திரையிலிருந்து மட்டைக்கு ஓடிய தன் பெயரை, எழுத்து எழுத்தாக, விரலால் தொடர்ந்து பார்த்தார். ஒரு இடத்திலும் வெட்டு இல்லை, விலகல் இல்லை.

"இது என்ர கையெழுத்துத்தான்" என்றார் மெல்ல. "அப்ப இந்த எட்டு?"

வாக்குப் போட வந்து வரிசையில் நின்ற பரமேஸ்வரி அங்கிருந்தே கத்தினார்: "விடிய, மங்கிப்போச்சு எண்டு நீங்கள்தானே பேனையால திரும்பக் கீறினனீங்கள்! கண்ணாடியும் போடேல்லை!"

முதலில் சிரித்தது வரிசைதான். பிறகு நான். கடைசியில் அவரும். ஆனால் அவர் அதோடு விடவில்லை. வரிசைப் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பெட்டி சரி. பிழை என்ர கையில." தமிழ் தெரியாதவர்களுக்காகப் பிரெஞ்சில், "சே போன், சே போன்", சரி, சரி என்றும் சேர்த்தார். எங்கள் சனமும் மற்றவர்களும் கைதட்டினார்கள். உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போகாத எனக்கு அதுவே பூசையாக இருந்தது.

அடுத்த நாள்தான் நீ கேட்ட அந்தத் திங்கள். கனகலிங்கம் தானே கையெழுத்து வைத்து, தானே சந்தேகப்பட்டு, தானே சரி என்று சொன்ன பெட்டி என்று கதை டோர்வலையும் தாண்டிக் கர்க்லாண்ட் வரைக்கும் போயிருந்தது. அங்கே வேறு சாவடி, வேறு பெட்டி. அங்கேயும் தமிழர் போனார்களாம். எங்கள் மண்டபத்தில் வரிசை வாசலைத் தாண்டி, பாதி உருகிய பனி கிடந்த நடைபாதையில் தெருமுனை வரைக்கும் நின்றது. சமையற்கூடத்து வெள்ளை உடுப்புகளும் அதில் இருந்தன. முதல் தேர்தலில் கண்ணாடியில் தட்டிய முகம் ஒன்றும் இருந்தது. நான் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

மத்தியானத்துக்கு முன்னால் பரமேஸ்வரி மூச்சிரைக்க வந்தார். வைத்தியசாலையிலிருந்து அழைத்துவிட்டார்கள். கட்டில் இருக்கிறது, உடனே வரட்டாம், நாளைக்கு விடிய சத்திரசிகிச்சை.

அண்ணை இன்னும் வாக்குப் போடவில்லை. அவர் எழும்பி வெளியே போய், தெருமுனையில் வரிசையின் கடைசியில் நிற்கப் பார்த்தார். நான் அவரை முன்னுக்கு எடுக்க முடியாது, அது முறையில்லை. ஆனால் வரிசைக்கு அந்தத் தடை இல்லையே. விஷயம் என்னவென்று பரமேஸ்வரி ஒருவருக்குச் சொல்ல, அது முன்னுக்கு ஓடி வந்தது. "அண்ணை, நீங்கள் போங்கோ!" "அளே, முசியே, அளே!" என்று தமிழும் பிரெஞ்சுமாக அவரைக் கையில் பிடித்து ஒவ்வொருவராக முன்னுக்கு விட்டார்கள்.

நான் பெயரைக் கேட்டேன். நாலு நாள் எனக்கு எதிரே இருந்த மனிதரிடம் அடையாள அட்டையும் கேட்டேன். அவர் அதை மிகவும் விரும்பினார் என்று முகத்தில் தெரிந்தது. இடாப்பில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடும் இல்லை, யாரும் அவருக்காகப் போட்டிருக்கவில்லை. சீட்டை மடித்துக் கொடுத்தேன். மறைப்புக்குப் பின்னால் இருந்த பென்சிலை ஒதுக்கிவிட்டுத் தன் பேனாவை எடுத்தார். திரும்பி வந்து, பெட்டியின் துவாரத்தில் சீட்டை வைத்து, விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"போட்டிட்டன், தங்கச்சி."

"ஓம் அண்ணை. நான் பாத்தனான்."

அன்று மூடும்போது முத்திரைக்கு யார் சாட்சி? அண்ணை வாசலில் நின்று யோசித்தார். அந்த வேட்பாளரின் ஆட்கள் பத்திரத்தில் பரமேஸ்வரியின் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி முறையான ஒருவர் அண்ணையை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார், பரமேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தார். மூடியதும் முத்திரைக்குக் குறுக்கே கையெழுத்து வைத்துவிட்டு, இலக்கத்தைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அண்ணை கட்டிலில் இருந்து அதைக் கையில் எழுதினார். "கட்டி இவ்வளவு காலத்தில இண்டைக்குத்தான் அக்கா என்ர சொல்லை ஒரேதரத்தில நம்பினவர்" என்றார் பரமேஸ்வரி.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அந்தக் கிழமை முழுக்கப் பெட்டி மாதாவுக்குக் கீழே இருந்தது, நான் அதற்குக் கீழ்ப்படிந்து வீட்டோடு இருந்தேன். தேர்தல் அன்று எல்லோர் முன்னிலையிலும் திறந்து எண்ணினோம். அடுத்த நாள் காலை நேரே வைத்தியசாலைக்குப் போனேன்.

அண்ணை நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். வலது கை பேனா மையால் கறுத்திருந்தது. தாதிமார் கழுவ வந்தபோதெல்லாம் விடவில்லையாம். "பெட்டி இன்னும் திறக்கேல்லை" என்று சொன்னாராம். கடைசியில் ஒரு தாதி, தானே ஒவ்வொரு நாளும் மங்கிய இடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சரியாக எழுதிவிட்டிருக்கிறார்.

"பெட்டி திறந்தாச்சு, அண்ணை."

"முத்திரை?"

"வைச்சபடியே இருந்தது. பரமேஸ்வரியின்ர கையெழுத்தும் வடிவா இருந்தது."

"இலக்கத்தைச் சொல்லுங்கோ பாப்பம்."

எனக்கு அது மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் இடது கை விரலை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். கடைசி இலக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நிமிர்ந்து பார்த்தார். நான் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை முன்னர் கண்டதில்லை.

"சரி" என்றார்.

"ஆர் வெண்டது எண்டு கேக்கேல்லையோ?" என்றேன்.

"அது பேந்து பாப்பம்." அவர் பரமேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இஞ்சாரும், சோறு கொண்டு வந்தனீரோ?"

"ஓம். கரண்டியும் கொண்டு வந்தனான்."

"கரண்டியை உள்ளுக்கு வையும்" என்று கையை நீட்டினார். "கழுவ ஒருக்காத் தண்ணி தாரும்."